எபேசுவுக்குப் படகில் போய் வந்தோம்

அன்புள்ள நண்பா,

முட்டு ஆபரேஷன் முடிந்து, கம்பு இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று எழுதியிருந்தாய். படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. வலி குறைந்தால் போதும் என்று நிறுத்திவிடுகிற ஆள் நீ. மதினியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளத்தில் பாழான புத்தக அலமாரிக்குப் பதில் புதிதாக ஒன்று செய்துவிட்டாய் என்பதும் நல்ல செய்தி. 2023 டிசம்பரில் ஏரல் பாலத்தை டிவியில் அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, உன் போன் கிடைக்காமல் நாங்கள் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

இங்கே எல்லோரும் நலம். மகனுக்கும் மருமகளுக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைத்ததால், செப்டம்பர் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்து கிளம்பி கிரீஸில் இருக்கும் சாமோஸ் தீவுக்கு ஒரு வாரம் போயிருந்தோம். அங்கிருந்து ஒரு சனிக்கிழமை காலையில் படகேறித் துருக்கிக்குப் போனோம். எபேசு என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, சந்தையில் சுற்றிவிட்டு, சாயங்காலம் தீவுக்குத் திரும்பிவிட்டோம். அதை உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். எபேசு என்றாலே எனக்கு உன் ஞாபகம்தான். உன் வேதப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பவுல் போன வழியெல்லாம் கோடு போட்ட ஒரு வரைபடம் இருக்குமே, அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பூகோளத்தின் மேல் ஆசை வந்தது என்று நீ சொல்வாய்.

சாமோஸ் கிரீஸுக்குச் சொந்தம் என்றாலும் துருக்கியை ஒட்டித்தான் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள மிக்காலே நீரிணை, மிகக் குறுகலான இடத்தில் ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம்தான். தெற்குக் கரையில் பித்தகோரியோ என்று ஒரு சின்னத் துறைமுகம். கணிதத்தில் நம்மைப் பாடாய்ப் படுத்திய பித்தகோரஸ் பிறந்த தீவு இது என்பதால் அந்தப் பெயர். கோடைக்காலத்தில் அங்கிருந்தும், வடக்கே வாத்தி என்ற ஊரிலிருந்தும் துருக்கியின் குஷாதாசிக்குப் படகு விடுகிறார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோடையில் இரண்டு நாட்டிலும் கடிகாரம் ஒரே நேரம் காட்டுகிறது. திரும்பும் படகைத் தவறவிடும் பயம் இல்லை.

நீயும் வருவாய் என்ற நம்பிக்கையில் விசா விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். தீவை விட்டுக் கிளம்பும்போது ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லையான ஷெங்கன் எல்லையிலிருந்து வெளியேறியதாகப் பதிவு செய்துவிடுவார்கள். அதனால் கையில் மல்டிபிள் என்ட்ரி ஷெங்கன் விசா இருக்க வேண்டும். ஒற்றை நுழைவு விசாவோடு போனால் சாயங்காலம் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். துருக்கிக்கு, நம் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால், ஆன்லைனிலேயே இ-விசா எடுத்துக்கொள்ளலாம். மகன் ஜெர்மனியிலேயே எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தான். முந்தின நாளே படகு டிக்கெட் வாங்கிய இடத்தில் பாஸ்போர்ட் விவரங்களைக் குறித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் சிரமம்.

காலையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் இருந்தது. மேல்தளத்தில் போய் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் சாமோஸின் பைன் மரச் சரிவுகள், மறுபக்கம் துருக்கியின் மிக்காலே மலை. படகு நீரிணைக்குள் நுழைந்ததும் இரண்டு கரையும் நெருங்கி வந்தன. அந்த மலையடிவாரத்தில்தான் கி.மு. 479இல் கிரேக்கர்கள் பாரசீகப் படையை முறியடித்தார்கள். நான் அதைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, படகில் வேலை செய்யும் ஒரு பையன் மடித்து வைத்திருந்த சிவப்புத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான். கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட்டு இழுத்தான். பிறையும் நட்சத்திரமும் போட்ட துருக்கிக் கொடி மேலே ஏறியது. பின்பக்கம் கிரேக்கக் கொடி அப்படியே பறந்தது. அடுத்த நாட்டுத் தண்ணீருக்குள் போகும் கப்பல் அந்த நாட்டுக் கொடியையும் மரியாதைக்கு ஏற்றுவது கடல் வழக்கம் என்று படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது இப்போதுதான். பேத்தி, "தாத்தா, இப்ப நாம துருக்கியா?" என்று கேட்டாள். தண்ணீரில் ஒரு கோடும் தெரியவில்லை.

குஷாதாசியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாடிக் கட்டடங்கள் அளவுக்குப் பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் ஊர். பாஸ்போர்ட்டைக் காட்டி வெளியே வந்தால் கடை, கடை, கடை. கம்பளக் கடைக்காரர்கள் ஆப்பிள் டீ கொடுத்து உட்கார வைக்கப் பார்த்தார்கள். நாங்கள் நிற்காமல், எபேசுவுக்குப் பக்கத்து ஊரான செல்சுக் போகும் மினி பஸ்ஸில் ஏறிவிட்டோம். அதை அங்கே டோல்முஷ் என்கிறார்கள். நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி, கை காட்டிய இடத்தில் நிற்கிறது. எபேசு சுமார் 20 கிலோமீட்டர். வாசலில் ஆளுக்கு 40 யூரோ டிக்கெட் என்று பார்த்ததும் என் மனைவி, உன் தங்கச்சி, ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் பேசவில்லை. உள்ளே போய் வந்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மேல்வாசலில் நுழைந்து கீழ்வாசல் பக்கம் இறங்கி வருவதுதான் நல்லது. சரிவில் கால் நோகாது. பளிங்குக் கல் பாவிய தெரு, இரண்டு பக்கமும் தூண்கள், ரோமப் பேரரசர் ட்ராஜன் பெயரில் ஒரு நீரூற்று மண்டபம், ஹேட்ரியனுக்கு ஒரு கோயில் என்று இறங்கிக்கொண்டே போகிறது. கல் அத்தனை வழவழப்பு. எத்தனை நூற்றாண்டுக் கால்கள் தேய்த்ததோ! ஒரு படிக்கட்டின் ஓரத்தில் உட்கார்ந்தேன். கைக்குக் கீழே ஏதோ நெருடியது. பார்த்தால், கல்லில் கீறிய விளையாட்டுக் கட்டம். நம்ம கோயில் மண்டபத் தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கீறி வைத்திருப்பார்களே, அதே மாதிரி. வெயிலுக்கு ஒதுங்கி யாரோ இரண்டு பேர் ஆடியிருக்கிறார்கள். சிலைகளைவிட அதைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

தெரு முடியும் இடத்தில் செல்சஸ் நூலகம். படங்களில் நீ பார்த்திருப்பாய். ஆசிய மாகாணத்தின் ரோம ஆளுநராக இருந்த செல்சஸுக்காக அவருடைய மகன் அக்குயிலா கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கட்டியது. அப்பாவின் உடல் கல் பெட்டியில் நூலகத்துக்கு அடியிலேயே இருக்கிறது. புத்தகங்களுக்குக் கீழே ஒரு மனிதனைப் புதைத்து வைத்த இடம் எனக்கு வேறெங்கும் தெரியாது. நமக்கெல்லாம் இதைவிட நல்ல சமாதி எது கிடைக்கும், சொல்! இடிந்து கிடந்த முகப்பை 1970களில் ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். முகப்பில் ஞானம், அறிவு, சிந்தனை, அறம் என்று நான்கு பெண் சிலைகள். நான்கும் நகல், அசல் வியன்னாவில் இருக்கிறது. அதைக் கேட்டதும் மனது கசந்தது. எடுத்து நிறுத்திய உழைப்புக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் சிலைகள் இந்த வெளிச்சத்தில், இல்லையென்றால் பக்கத்திலேயே செல்சுக்கில் இருக்கும் அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியவை.

அப்புறம் நாடக அரங்கம். சுமார் 25,000 பேர் உட்காரும் இடம். இங்கேதான், பவுல் எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறான் என்று தெமேத்திரியு என்ற வெள்ளித் தட்டான் கிளப்பிவிட்ட கூட்டம், எபேசியரின் ஆர்த்தெமிஸே பெரியவள் என்று இரண்டு மணி நேரம் கத்தியது. ஞாயிறு பள்ளியில் உங்கள் அண்ணன் அதை நடித்துக் காட்டுவார் என்று நீ சொல்லியிருக்கிறாய். ஆர்த்தெமிஸ் தேவியின் சின்னக் கோயில்களை வெள்ளியில் செய்து யாத்திரைக்காரர்களுக்கு விற்றவர்கள் அந்தத் தட்டார்கள். சந்தை எவ்வளவு பழசு பார்!

ஆனால் நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது அரங்கத்தின் மேல்படியில் நின்று பார்த்ததைத்தான். எதிரே அரை கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாக ஒரு பளிங்குச் சாலை. துறைமுகச் சாலை. இரவில் தெருவிளக்கு எரிந்த சாலை அது. கப்பலில் வந்து இறங்கியவர்கள் அதன் வழியாகத்தான் நகரத்துக்குள் வந்தார்கள். சாலையின் அந்தக் கடைசியில் கடல் இருக்க வேண்டும். இல்லை. கோரையும் நாணலும் மண்டிய ஒரு பச்சைச் சதுப்புதான் இருக்கிறது. அதற்குப் பின்னால் வயல்கள். கடல் ஐந்தாறு கிலோமீட்டருக்கு அப்பால்.

பஸ்ஸில் வந்து இறங்கும் கூட்டம் இதைக் கவனிப்பதே இல்லை. நூலகத்தின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். காலையில் கடல்வழியாக வந்ததால்தானோ என்னவோ, எனக்கு அந்தச் சாலையைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்தது. துறைமுகத்துக்காகவே பிறந்த ஊர். அதன் தெருவெல்லாம் கடலைப் பார்த்தே போகிறது. கடலோ அதை விட்டுப் போய்விட்டது. எபேசுவுக்குப் போகிற யாரும் முடிந்தால் படகில் போக வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன். கடலில் வந்தவனுக்குத்தான் அங்கே எது இல்லை என்று தெரியும்.

செய்தது ஆறுதான். கைஸ்தர் என்று பழைய பெயர், இப்போது குச்சுக் மெண்டெரெஸ். கொண்டுவந்த வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது. இதில் நீ ரசிக்கும்படி ஒரு கதை இருக்கிறது. ஸ்ட்ராபோ என்ற பழைய கிரேக்கப் பூகோள ஆசிரியர் எழுதி வைத்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்காம மன்னன் இரண்டாம் அட்டலஸ், துறைமுக வாய் அகலமாக இருப்பதால்தான் பெரிய கப்பல் வர ஆழம் இல்லை என்று நினைத்தான். தடுப்புச் சுவர் கட்டி வாயைக் குறுக்கச் சொன்னான். நடந்தது நேர்மாறு. முன்பு ஆற்று வண்டலைக் கடல் நீர் ஏறி இறங்கும்போது வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. வாய் குறுகியதும் வண்டல் உள்ளேயே தங்கிவிட்டது. துறைமுகம் முழுவதும் மேடேறியது. நம்ம கடற்கரையில் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போடும்போதெல்லாம், ஒரு ஊரில் மணல் சேர்ந்து அடுத்த ஊரைக் கடல் அரிக்கிறது என்று மீனவர்கள் சண்டை போடுகிறார்களே, அந்தக் கணக்கு 2,000 வருஷத்துக்கு முன்பே ஒரு ராஜாவுக்குத் தப்பியிருக்கிறது.

அதற்குப் பிறகும் சும்மா விடவில்லை. நீரோ காலத்தில் ஒரு ஆளுநர் துறைமுகத்தைத் தூர் வாரினார். ஹேட்ரியன் ஆற்றையே திருப்பிவிடப் பார்த்தார். 2ஆம் நூற்றாண்டில் இன்னொரு ஆளுநர் கல்வெட்டே வெட்டி வைத்தார்: துறைமுகக் கரையில் கல் அறுக்கக் கூடாது, அறுத்த தூள் தண்ணீரில் விழுந்து துறையைத் தூர்க்கிறது. தூர்ந்துகொண்டிருக்கும் துறைமுகத்தின் கரையில் ஒரு கல்தச்சனிடம், உன் கல்தூள் வேண்டாமப்பா என்று கெஞ்சும் அரசாங்கம்! எவ்வளவு முயன்றிருக்கிறார்கள்! வண்டல் ஜெயித்துவிட்டது.

நான் அங்கே நின்றபோது கொற்கைதான் மனதில் ஓடியது. உனக்கும் இதைப் படிக்கும்போதே ஓடியிருக்கும். ஏரலிலிருந்து சைக்கிளில் போய், பாண்டியர் துறைமுகம் எங்கே, முத்துக் குளித்த கடல் எங்கே என்று வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் தேடினோமே. வன்னி மரத்தடியில் ஒரு பெரியவர், கடலா, அது அந்தாக்குல ஆறேழு கிலோமீட்டர் போகணும் என்று கை காட்டினார். அங்கே தாமிரபரணி செய்ததை இங்கே கைஸ்தர் செய்திருக்கிறது. எபேசுவில் 1860களில் ஜான் டர்ட்டில் வுட் என்ற ஆங்கிலேயர் தேட ஆரம்பித்தார், 1895இல் ஆஸ்திரியர்கள் தோண்டத் தொடங்கினார்கள். இன்னும் முடியவில்லை. கொற்கையில் நம்ம தொல்லியல் துறை 1968-69இல் தோண்டியது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு எவ்வளவு மெதுவாகப் போயிற்று என்று உனக்கே தெரியும். எபேசு அளவுக்குப் பளிங்கு நம்மிடம் கிடைக்காது, சரி. ஆனாலும் அந்த மண்ணுக்கடியில் துறையும் கிட்டங்கியும் இருந்த ஊர் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி அங்கே கூட்டிக்கொண்டு போய் நீ செய்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? யாராவது கேட்டால், முட்டு சரியானதும் நீ மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

ஏழு அதிசயங்களில் ஒன்றான ஆர்த்தெமிஸ் கோயிலையும் பார்த்தோம். 127 தூண்கள் நின்றதாகச் சொல்லும் இடத்தில், துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒரே ஒரு தூண். உச்சியில் நாரைக் கூடு. சுற்றித் தேங்கிய தண்ணீரில் வாத்துகள். ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டோம்.

இனி சந்தை. செல்சுக்கில் சனிக்கிழமைச் சந்தை கூடும். குஷாதாசிக் கடைவீதி சுற்றுலாக்காரர்களுக்கு. இது அந்த ஊர் மக்களுக்கு. ஏரல் கடைத்தெருவைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த குடும்பத்தில் வந்தவன் நீ, உன்னை இங்கே விட்டால் படகுக்குக் கூட்டி வந்திருக்க முடியாது. தார்ப்பாய்ப் பந்தலுக்கு அடியில் தக்காளி, மிளகாய், கத்தரிக்காய் மலை மலையாக. ஆலிவ் மட்டும் பத்துப் பதினைந்து தினுசு, வாளி வாளியாக. பூப்போட்ட சால்வையைத் தலையில் கட்டிய கிராமத்துப் பாட்டிகள் தங்கள் தோட்டத்து அத்திப்பழத்தை அத்தி இலை விரித்த கூடையில் வைத்திருந்தார்கள். பக்கத்து அய்தின் மாகாணத்து அத்திக்கு உலகம் முழுக்கப் பேர். ஒரு பாட்டி பழத்தை விரலால் இரண்டாகப் பிட்டுப் பேத்தியிடம் நீட்டினார். உள்ளே தேன் நிறம். தோல் அத்தனை மெல்லிசு, கையில் ஒட்டிக்கொண்டது. பேத்தி தின்ற வேகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டைக் கையில் திணித்தார். காசு கொடுக்கப் போனால், அது குழந்தைக்கு என்று தலையை மேலே தூக்கி நாக்கால் ஒரு சத்தம். அங்கே "வேண்டாம்" என்பதற்கு அதுதான் சைகை. அப்புறம் ஒரு கிலோ வாங்கினோம்.

பக்கத்தில் இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து மெல்லிய குச்சியால் மாவைக் காகிதம் போலத் தேய்த்து, கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து, குவிந்த இரும்புக் கல்லில் சுட்டுக் கொடுத்தார்கள். கோஸ்லெமே. அதுதான் மதியச் சாப்பாடு. உன் தங்கச்சி துண்டுக் கடையில் அரை மணி நேரம் நின்றாள். பருத்தித் துண்டின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, நூலை இழுத்துப் பார்த்து, இது கை நெசவு, அது மிஷின் என்று பிரித்துவிட்டாள். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குத் துருக்கி தெரியாது. கால்குலேட்டரில் எண்ணைத் தட்டித் தட்டிப் பேரம் முடிந்தது. மதினிக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறாள், நான் சொன்னதாகச் சொல்லாதே.

சாயங்காலம் படகில் எங்களோடு நிறையத் துருக்கிக் குடும்பங்கள் வந்தன. 2024இல் அவர்களுக்குச் சில கிரேக்கத் தீவுகளுக்கு மட்டும் போய்வரத் துறைமுகத்திலேயே குறுகிய கால விசா கொடுக்க ஆரம்பித்தார்கள். சாமோஸ் அதில் ஒன்று. எனக்கு அது ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாவின் பாட்டி, 1922இல் கிரேக்க-துருக்கிப் போரின்போது இந்தத் துருக்கிக் கரையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறிச் சாமோஸுக்கு வந்தவர். அடுத்த வருஷம் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஒப்பந்தம் போட்டு, இங்கிருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்களையும் அங்கிருந்த முஸ்லிம்களையும் ஊர் ஊராக மாற்றிக்கொண்டார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். அந்த அம்மா இப்போது வருஷத்துக்கு ஒருமுறை குஷாதாசிக்குப் போய்ப் படுக்கை விரிப்பு வாங்கி வருகிறாராம்.

ஆனால் அதே நீரிணையில் இன்றைக்கும் சிரியாக்காரரும் ஆப்கானியரும் ரப்பர் படகில் ராத்திரியில் வருகிறார்கள். சிலர் வந்து சேர்வதில்லை. சேர்ந்தவர்களுக்கு, வாத்திக்குச் சற்றுத் தள்ளி மலையில் கம்பிவேலி போட்ட முகாம். எங்களுக்கு முத்திரை குத்திய அதிகாரி சிரித்துக்கொண்டே பேத்தியின் பெயரைக் கேட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை. 83 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு தனுஷ்கோடி மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்களை, மண்டபம் முகாமை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு பாஸ்போர்ட் இருந்தால் அது சுற்றுலா, இல்லாவிட்டால் அது உயிர்ப் பந்தயம். இந்த அநியாயத்தை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உன்னிடம் இதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

சரி, ஊருக்கு நவம்பர் கடைசியில் வருகிறோம். உன் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது என்று போன தடவை சொன்னாய். முதல் வேலையாக அதைப் புதுப்பி. மழைக்காலம் முடிந்ததும் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலில் நாம் நான்கு பேரும் போகலாம். 2023இல் ஆரம்பித்து, நின்று, மறுபடி ஓடுகிறது. யாழ்ப்பாணத்தில் கந்தரோடையின் சின்னச் சின்னப் பௌத்தத் தூபிகளையும் பார்க்கலாம், பெரிய சந்தையில் மதினிக்குப் பனங்கிழங்கும் வாங்கலாம். கப்பல் நேரத்தையும் கட்டணத்தையும் விசாரித்து எழுது. டாக்டரிடம் படிக்கட்டு ஏறலாமா என்றும் கேட்டு வை.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி